மஞ்சள் கரிசாலை என்று வாங்கிய செடி அதுதானா? அடையாளமும் டெல்டா களிமண்ணில் வளர்ப்பும்

கொல்லைத்தோட்டம் (நீடாமங்கலம் பக்கம்) கேட்டது:

வணக்கம். வீட்டுக் கீரைக்காக மஞ்சள் கரிசலாங்கண்ணி போடலாம் என்று இருக்கிறோம். ஒரு நாற்றுப்பண்ணையில் மஞ்சள் கரிசாலை என்று சொல்லி 20 பை கொடுத்தார்கள். கொல்லையில் 2 சென்ட் இடம் ஒதுக்கியாயிற்று. மண் நல்ல களி. மழையில் கால் புதையும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும்.

செடி தரையோடு படர்கிறது. தண்டு சிவப்போடிய பச்சை, மண்ணைத் தொட்ட கணுவில் எல்லாம் வேர் விட்டிருக்கிறது. இலை எதிரெதிராக, கொஞ்சம் தடிப்பாக, மேல்புறம் பளபளப்பாக இருக்கிறது. ஒரு இலையை ஸ்கேல் வைத்து அளந்தால் நீளம் 7 செ.மீ., அகலம் 4 செ.மீ. இலையின் நடுவுக்கு மேலே இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு மடல் நீட்டிக்கொண்டு இருக்கிறது. பூ நல்ல மஞ்சள், ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, நீளக் காம்பின் நுனியில் ஒற்றையாகப் பூக்கிறது.

இது சமைத்துச் சாப்பிடும் மஞ்சள் கரிசாலைதானா? ஆமென்றால் களிமண்ணில் எப்படிப் பாத்தி கட்டுவது, எந்த மாதம் நடுவது, எத்தனை நாளில் பறிக்கலாம்? இல்லையென்றால் இதை என்ன செய்வது? படம் ஏற்ற முடியவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பார்த்து எழுதுகிறேன்.


மூலிகைப்பாத்தி எழுதியது:

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது மஞ்சள் கரிசாலை இல்லை. தரை மூட அழகுக்காக வளர்க்கும் வெடிலியா. தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை அதன் சொந்த நாடு. சாலை நடுத் திட்டு, பூங்கா, கல்யாண மண்டப முகப்பு என்று எங்கே பார்த்தாலும் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது இதுதான். மஞ்சள் கரிசாலை அதே பேரினத்தைச் சேர்ந்த ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடிலியா சைனென்சிஸ், வெடிலியா கேலண்டுலேசியா என்று இருக்கும். இரண்டையும் இப்போதைய பேரினத்துக்குக் கொண்டுவந்தது 1996-ல். இரண்டும் பல்லாண்டுச் செடி, இரண்டும் படரும், இரண்டுக்கும் மஞ்சள் பூ. அதனால்தான் நாற்றுப்பண்ணையில் மாறிப்போகிறது.

பூவை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். இதழ் எண்ணுங்கள் என்று பலர் சொல்வார்கள், அது உதவாது. நாம் இதழ் என்று சொல்வது ஒவ்வொன்றும் ஒரு தனிச் சிறுபூ. மஞ்சள் கரிசாலையில் அது பெரும்பாலும் 8 முதல் 12, வெடிலியாவில் 8 முதல் 13. காம்பின் நீளமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெடிலியாவில் லேசாக ஆரஞ்சு கலந்திருக்கும், ஆனால் வெயிலில் இரண்டு பூவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும்.

இலைதான் சாட்சி. மஞ்சள் கரிசாலை இலை குறுகியது, ஈட்டி வடிவம். நீளம் 3 முதல் 7 செ.மீ. இருந்தாலும் அகலம் பெரும்பாலும் ஒன்றரை செ.மீ.யைத் தாண்டாது, நன்றாகக் கொழுத்த செடியில் 2 செ.மீ.யை நெருங்கும். காம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு இலை தண்டோடு ஒட்டியிருக்கும். விளிம்பு வெட்டில்லாமல் போகும், அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக மழுங்கிய பல் தெரியும். பக்க மடல் கிடையாது. வெடிலியா இலை 4 முதல் 9 செ.மீ. நீளம், 2 முதல் 5 செ.மீ. அகலம், அடியில் ஆப்பு போலக் குறுகி, நடுவுக்கு மேல் விரிந்து, பக்கத்துக்கு ஒரு மடலும் கரடான பல்லுமாக இருக்கும். உங்கள் 7-க்கு 4 அளவு மஞ்சள் கரிசாலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. வெடிலியாவிலும் எல்லா இலையிலும் மடல் வராது. நிழலில் நீண்ட கொடியின் நுனியில், பூக்காம்புக்குக் கீழே உள்ள சிறிய இலைகளில் மடல் இல்லாமல் இருக்கும். ஒரு கொத்தின் நுனியை மட்டும் கிள்ளிப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம். ஒரு முழக் கொடியை எடுத்து அடியிலிருந்து நுனி வரை இலை இலையாகப் பாருங்கள். நடுவில் உள்ள முதிர்ந்த இலைகள்தான் கணக்கு.

கடைசியாகத் தொட்டுப் பாருங்கள். முதிர்ந்த இலையை நுனியிலிருந்து அடி நோக்கி விரலால் தடவினால் மஞ்சள் கரிசாலை சொரசொரக்கும். லென்ஸ் இருந்தால் இலையோடு படிந்த குட்டை வெள்ளை மயிர் இரண்டு பக்கமும் தெரியும். வெடிலியாவிலும் மயிர் உண்டு, ஆனால் கைக்கு முதலில் படுவது அதன் சதைப்பற்றும் வழவழப்பும்தான். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், அளவோடு சேர்த்துப் பாருங்கள்.

சமையலுக்கு அந்த 20 பையிலிருந்து ஒரு இலைகூடப் பறிக்காதீர்கள். கீரையாக உண்ணும் வழக்கம் அதற்கு இங்கே இல்லை.


பச்சிலை எழுதியது:

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்க வேண்டும். டெல்டாவில் இன்னொரு குழப்பம் வெள்ளைக் கரிசலாங்கண்ணியோடு வரும், அதாவது எக்லிப்டா புராஸ்ட்ரேட்டா. வயல் வரப்பிலும் நாற்றங்கால் ஓரத்திலும் தானாக முளைப்பது. பூ இல்லாதபோது அதன் இலையும் குறுகல், ஈட்டி வடிவம், சொரசொரப்பு. மஞ்சள் என்று சொல்லி இதைக் கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளையை எளிதில் பிடிக்கலாம். இளந்தண்டை ஒடித்து வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேயுங்கள். சில நிமிடங்களில் கறை கறுத்துவிடும். பூ வந்தால் சந்தேகமே இல்லை: இலைக்கக்கத்தில் ஒன்றிரண்டாக, ஒரு செ.மீ.கூட இல்லாத வெள்ளைப் பூ. காய் முதிரும்போது பச்சைப் பொத்தான் மாதிரி இறுகி நிற்கும். அது பெரும்பாலும் ஒரு பருவச் செடி, விதையில் ஏராளமாக முளைக்கும். மஞ்சளை நாம் தண்டு வைத்துத்தான் பெருக்குகிறோம்.

வெட்டுக்காயப் பூண்டையும் சிலர் கொண்டுவருவார்கள். அதன் பூவில் நடு மஞ்சள், சுற்றி நாலைந்து வெள்ளை இதழ், இலையில் ஆழமான பல். குளக்கரையில் கொத்தாகப் பிடுங்கினால் பொடுதலையும் கலந்து வரும். அதன் இலையில் மேல்பாதியில் மட்டும் பல் இருக்கும், பூ சிறு உருளையாக வெள்ளையும் ஊதாவுமாக இருக்கும்.

மருந்துக்கு மஞ்சளா வெள்ளையா என்ற வாதம் எப்போதும் நடக்கும். வள்ளலார் நெறியில் உள்ளவர்கள் கரிசலாங்கண்ணிக் கீரையை முதன்மையாக வைப்பது எல்லாருக்கும் தெரியும். வேதியியல் பக்கம் பார்த்தால், வெடிலோலேக்டோன் என்ற பொருளின் அமைப்பைச் சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் 1956-ல் வெளியிட்டார்கள். அதைப் பிரித்தெடுத்தது நாம் பேசும் மஞ்சள் கரிசாலையிலிருந்துதான். அதே பொருள் வெள்ளையிலும் உண்டு. அதனால் மஞ்சளும் வெள்ளையும் கீரையாக ஒன்றுக்கொன்று மாற்றாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சலுகையை அழகு வெடிலியாவுக்கு நீட்டக் கூடாது. காமாலை, கல்லீரல் கோளாறு என்று சந்தேகம் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, மருத்துவர். கீரை அதற்குப் பிறகு.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மாதிரி எடுத்து வையுங்கள். வேரோடு கூடிய கணு, முதிர்ந்த இலை, மொட்டு, விரிந்த பூ எல்லாம் சேர்ந்த ஒரு அடிக் கொடி. செய்தித்தாள் நடுவில் பரப்புங்கள், ஒரு இலையையாவது அடிப்புறம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். மேலே செங்கல் பாரம், தினமும் தாள் மாற்ற வேண்டும், ஒரு வாரத்தில் காயும். மழைக்காலத்தில் தாள் மாற்றாமல் விட்டால் பூசணம் பிடித்து இலை கறுத்துவிடும், பிறகு யார் பார்த்தும் பயனில்லை. எடுத்த இடம், தேதி, பூவின் நிறம், வாய்க்கால் ஓரமா வரப்பா என்பதை எழுதிச் சேருங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினட் ஹெர்பேரியம் (உலர்த்திய செடி மாதிரிகளின் சேகரம்) தமிழ்நாட்டுச் செடிகளுக்குப் பெயர்பெற்ற இடம். ஒப்பிடக் கேட்க நமக்கு அதைவிடப் பக்கத்தில் நல்ல இடம் இல்லை.


கொல்லைத்தோட்டம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு முழக் கொடி எடுத்துப் பார்த்தேன். நுனியில் இரண்டு ஜோடி இலையில் மடல் இல்லை, கீழே எல்லாவற்றிலும் இருக்கிறது. அகலம் எதுவும் 3 செ.மீ.க்குக் குறையவில்லை. அப்படியானால் வெடிலியாதான்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் வேறொன்று படர்ந்திருக்கிறது. இலை நீளம் 5, அகலம் 1.2 செ.மீ., மடல் இல்லை, தடவினால் சொரசொரப்பு. தண்டைக் காகிதத்தில் தேய்த்து ஒரு மணி நேரம் வைத்தேன், வெள்ளைக் கரிசாலை போல மை மாதிரி கறுக்கவில்லை. ஒரு பூ இருக்கிறது, மஞ்சள், ஒற்றை. அவர்கள் தண்டு தருவதாகச் சொல்கிறார்கள்.

பழைய 20 பையையும் பிடுங்கி வாய்க்காலில் போட்டுவிடலாமா, குப்பைக்குழியில் போடலாமா?


மூலிகைப்பாத்தி எழுதியது:

கிணற்றடிச் செடி மஞ்சள் கரிசாலைக்குப் பொருந்துகிறது. தைரியமாகத் தண்டு வாங்குங்கள்.

வாய்க்காலில் மட்டும் போடாதீர்கள், தயவுசெய்து. வெடிலியா நம் தோட்டங்களில் விதை மூலம் பரவுவது அரிது, தண்டுத் துண்டு மூலம்தான் பரவும். ஒரு கணு இருந்தால் போதும், ஈர மண்ணில் ஒதுங்கிய இடத்தில் வேர் விடும். உங்கள் ஊர் வாய்க்காலில் விட்டது தண்ணீர் போகும் வழியெல்லாம் கரை ஒதுங்கி, கடைமடை வரை போய்ச் சேரும். கரையில் அது பாய் விரித்தால் அடியில் அறுகு, பொடுதலை, வல்லாரை எதுவும் தலைதூக்காது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்தச் செடியும் இருக்கிறது. குப்பைக்குழியும் வேண்டாம். நம் வீட்டுக் குழிகளில் நடுவில்தான் சூடேறும், ஓரம் ஈரமாகவே இருக்கும், அங்கே அது தழைத்துவிடும்.

செய்ய வேண்டியது: பையைக் கிழித்து மண்ணை உதறுங்கள். கொடிகளைத் தார்ப்பாய் அல்லது சிமெண்டுத் தளத்தில் மெல்லிசாகப் பரப்பி நல்ல வெயிலில் காயவிடுங்கள். இலை காய்ந்தது போதாது, கணு ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். தண்டு சதைப்பற்றுள்ளது என்பதால் வெளியே காய்ந்து உள்ளே உயிரோடு இருக்கும், இரண்டு நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். முறியும் பதம் வந்தபின் எருக்குழியில் போடலாம். உதறிய மண்ணைத் தனியாகக் குவித்து லேசாக நனைத்து மூன்று வாரம் கவனியுங்கள். துண்டு கிடந்தால் முளைத்துக் காட்டும், பிடுங்கி எறிந்த பிறகு மண்ணைப் பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே தரையில் நட்டவர்களுக்கு: மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்குங்கள். காய்ந்த களியில் இழுத்தால் கணுவில் அறுந்து வேர் உள்ளேயே நிற்கும். மண்வெட்டியால் கொத்தினால் ஒரு கொடி பத்துத் துண்டாகிப் பத்துச் செடியாகும். கையால் கொடியின் போக்கிலேயே போய்க் கணு கணுவாகக் கிளப்புவதுதான் வழி. பிறகு 15 நாளுக்கு ஒருமுறை அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.


களிமண்காரர் எழுதியது:

வளர்ப்புப் பக்கம் நான் சொல்கிறேன். மஞ்சள் கரிசாலைக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. கிணற்றடியில் செழிப்பாக இருப்பதைப் பார்த்துச் சேற்றில் நட்டால் ஐப்பசியில் அழுகிப் போகும். கிணற்றடியில் தண்ணீர் வந்தவண்ணம் இருக்கும், வடிந்துகொண்டும் இருக்கும். அந்த வடிகால்தான் விஷயம்.

முதலில் ஒரு அடிக்கு ஒரு அடி குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் அதே நேரத்தில் தண்ணீர் நின்றால் மேட்டுப்பாத்தி இல்லாமல் நடவே வேண்டாம். நீடாமங்கலம் களியில் பெரும்பாலும் நிற்கும்.

பாத்தி அகலம் 3 அடி, நடுவில் 1 அடி வாய்க்கால். வாய்க்கால் மண்ணை வெட்டிப் பாத்தி மேல் போட்டாலே முக்கால் அடி உயரம் கிடைக்கும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, வாய்க்கால் போகப் பாத்திப் பரப்பு சுமார் 325 சதுர அடி. வாய்க்கால்களின் கடைமுனை எல்லாம் ஒரே வடிகாலில் சேர்ந்து கொல்லைக்கு வெளியே போக வழி இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மேட்டுப்பாத்தியைச் சுற்றிக் குளம் கட்டியதாக ஆகிவிடும்.

மண்ணை இளக்க, சென்ட்டுக்கு மக்கிய தொழுவுரம் 100 கிலோ, கருக்கிய உமி இரண்டு மூன்று சாக்கு. பச்சை உமியைக் கொட்டாதீர்கள். அது மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். அரிசி ஆலையில் கிடைக்கும் வெள்ளைச் சாம்பலும் கருக்கிய உமியும் ஒன்றல்ல. சாம்பல் காரத்தன்மை உள்ளது, டெல்டா மண்ணில் பல இடம் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. கரி பதத்தில் கறுப்பாக, தேய்த்தால் உமி வடிவம் கலையாமல் இருப்பதுதான் வேண்டும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதைக் கழுவிப் போடுங்கள். அதில் உள்ள கல்தூள் களியோடு சேர்ந்தால் காய்ந்தபின் தளம் போட்டதுபோல் இறுகிவிடும். மணல் கொஞ்சமாகப் போடுவது போடாததற்குச் சமம். எருவும் கரியும்தான் களியை மாற்றும்.

தண்டு தேர்வில் அவசரம் வேண்டாம். நுனியில் நான்கு விரல் அளவு இளசு, அதைத் தள்ளுங்கள். அடியில் மரப்பாக இருப்பதும் வேண்டாம். நடுப்பகுதியில் 10 முதல் 15 செ.மீ. துண்டு, மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். கணுவில் வெள்ளையாக வேர்முனை தெரிந்தால் இன்னும் நல்லது. கீழ் இரண்டு கணுவில் இலையைக் கிள்ளிவிட்டு, அந்த இரண்டும் மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றி, விரலால் அழுத்தி மூடுங்கள். செங்குத்தாக நடுவதைவிடச் சாய்த்து நட்டால் இரண்டு கணுவும் மேல்மண்ணிலேயே இருக்கும். களியில் ஆழம் போனால் காற்று இல்லாமல் துண்டின் அடி கறுத்துவிடும். குழிக்கு இரண்டு துண்டு, ஒரு அடிக்கு ஒரு அடி. சென்ட்டுக்கு 650 துண்டு வரும். அவ்வளவு கிடைக்காது என்றால் கிடைத்ததைப் பையில் வேர்விட வைத்து ஒரு பாத்தி போடுங்கள், இரண்டு மாதத்தில் அந்தப் பாத்தியே அடுத்ததற்குத் தண்டு கொடுக்கும். 2 சென்ட்டையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் வாரம் தென்னங்கீற்று நிழல், காலை மாலை பூவாளியில் தண்ணீர். 7 முதல் 10 நாளில் வேர் பிடிக்கும். துண்டை லேசாக இழுத்தால் வராமல் நின்றால் பிடித்துவிட்டது. அதன்பின் நிழலை விலக்கலாம், முழுவதும் வேண்டாம். தென்னை, வாழை ஊடே கிடைக்கும் அரைநிழல் இதற்கு ஏற்றது. அடர்ந்த நிழலில் கொடி நீண்டு இலை மெலிந்து போகும், பூவும் குறையும்.

காலம்: ஆடி, ஆவணியில் நடுங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும், ஐப்பசி மழைக்குள் செடி வேர் ஊன்றித் தரையை மூடியிருக்கும். அதைத் தவறவிட்டால் தை வரை பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புதிதாக ஊன்றுவது வீண்.

நட்ட 60 நாள் அளவில் முதல் அறுப்பு. தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு, ஒவ்வொரு கொடியிலும் இரண்டு கணுவாவது நிற்கும்படி அறுங்கள். அடுத்தடுத்து 30 முதல் 40 நாளில் வரும். அறுத்த அன்றே தண்ணீர் விடாதீர்கள், வெட்டுவாய் காய ஒரு நாள் கொடுங்கள். ஒவ்வொரு அறுப்புக்கும் பின் சென்ட்டுக்கு 10 கிலோ மண்புழு உரம் தூவிக் கிளறிவிட்டால் போதும். யூரியா போட்டால் இலை பெருக்கும், கூடவே அசுவினியும் பெருக்கும், கீரை நீர்த்துப் போகும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.


கடைமடை எழுதியது:

மேலே சொன்ன ஆடி, ஆவணி நீடாமங்கலத்துக்குச் சரி. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் தண்ணீர் வந்து சேரும் நாளை நம்பி நட முடியாது. நாங்கள் தை, மாசியில் நடுவதுதான் நல்லது. மழை மண்ணின் உப்பைக் கழுவியிருக்கும், குளத்திலும் தண்ணீர் இருக்கும்.

இங்கே முதல் எதிரி போர் தண்ணீர். மின்கடத்துத்திறன் (தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் அளவு) மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸுக்கு மேல் போன தண்ணீரை இதற்கு விடாதீர்கள். முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகி, நடு பச்சையாக இருந்தால் அது நோய் அல்ல, உப்பு. மருந்து அடித்துப் பயனில்லை. குளத்து நீர், மழைநீர் எது இருந்தாலும் அதை விட்டு, வேருக்குக் கீழே வடியும்படி ஒருமுறை நன்றாகப் பாய்ச்சுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே தங்கும். வைக்கோல் மூடாக்கு இரண்டு விரல் கனத்துக்குப் போட்டால் ஆவியாவது குறையும். கணுவின் மேல் மூடிவிடாமல் இடைவெளியில் மட்டும் போடுங்கள்.

ஜிப்சம் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மண் பரிசோதனையில் களர் (சோடியம் மிகுந்த மண்) என்று வந்தால் அவர்கள் சொல்லும் அளவு போடுங்கள். உவர் (உப்பு மிகுந்த மண்) மட்டும் என்றால் ஜிப்சத்துக்கு வேலை இல்லை, நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து.

வயல் வரப்பில் கிடைக்கும் கரிசாலையைக் கீரைக்குப் பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுவையிலும் சம்பாவிலும் களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கும்போது வரப்புக்கும் படும். எப்போது அடித்தார்கள் என்று தெரியாத வரப்பில் பறிக்காதீர்கள். சாக்கடை சேரும் வாய்க்கால் கரையும் வேண்டாம். அதற்காகத்தான் கொல்லையில் நான்கு அடிப் பாத்தியாவது வைக்கச் சொல்கிறோம்.


மாடித்தொட்டி (பாபநாசம்) கேட்டது:

இதே மஞ்சள் கரிசாலை தொட்டியில் இருக்கிறது, குறுகிய இலைதான். கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. நுனியில் சாம்பல் தூவியது போல் வெள்ளை. இரண்டும் ஒரே நோயா? தினமும் தண்ணீர் விடுகிறேன்.


களிமண்காரர் எழுதியது:

இரண்டும் வேறு. கீழ் இலை மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் காரணம் வேரில் நீர் தேங்குவது. தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். வேர் வெள்ளையாக, இழுத்தால் நிற்கிறதா பாருங்கள். பழுப்பாகி மேல்தோல் உருவிக்கொண்டு நடு நரம்பு மட்டும் கையில் வந்தால் வேரழுகல். அந்தச் செடியைக் காப்பாற்ற மெனக்கெடாமல், மேலே நல்லதாக இருக்கும் தண்டை வெட்டிப் புது மண்ணில் ஊன்றுங்கள். பழைய மண்ணை அப்படியே திரும்பப் பயன்படுத்தக் கூடாது. தொட்டிக்கு ஒரு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு கருக்கிய உமி அல்லது தென்னைநார்க்கழிவு. டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) 50 கிராமை 2 கிலோ எருவில் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்து, நடும்போது தொட்டிக்கு ஒரு கைப்பிடி போடுங்கள். அகலம் முக்கியம், ஆழம் அல்ல. 8 அங்குல ஆழம் போதும், படர இடம் கொடுங்கள். தண்ணீர் தினமும் என்று கணக்கு வைக்காமல், விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள்.

வெள்ளைத் தூளை விரலால் துடையுங்கள். துடைத்ததும் போய்விட்டு இலை பச்சையாகத் தெரிந்து, இரண்டு நாளில் திரும்ப வந்தால் சாம்பல் நோய். தை, மாசியில் பகல் காய்ந்து இரவு பனி விழும்போது வரும். பாதித்த நுனியை வெட்டி எறிந்து, கொடிகளை விலக்கிக் காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். பஞ்சு மாதிரி ஒட்டியிருந்து, நசுக்கினால் ஈரம் கசிந்து, எறும்பும் ஏறுகிறது என்றால் அது மாவுப்பூச்சி. லிட்டருக்கு வேப்ப எண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், கணுவின் இடுக்கில் படும்படி மாலையில் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கடைசியாகத் தெளித்துப் 10 நாள் வரை கீரைக்குப் பறிக்க வேண்டாம்.


பச்சிலை எழுதியது:

கொல்லைத்தோட்டம் கவனத்துக்கு: கிணற்றடியில் தண்டு வாங்கும்போது பூவோடு இருக்கும் கொடியிலிருந்து மட்டும் வெட்டுங்கள். பூ இல்லாத கொடியில் வெள்ளைக் கரிசாலை பின்னிக் கிடந்தால் தெரியாமல் சேர்ந்து வரும். பிறகு அந்தத் தாய்ச்செடியிலிருந்து 10 பை தனியாகப் போட்டு, ஐப்பசிக்குள் தாழ்வாரத்தில் அல்லது மழை நேரே விழாத திண்ணையில் வைத்துவிடுங்கள். பாத்தி எவ்வளவு உயர்த்தினாலும், ஆறு நிரம்பி வடிகால் வாங்காமல் கொல்லை நாலு நாள் மூழ்கும் வருஷம் உண்டு. அப்போது மறு நடவுக்கு அந்தப் பைகளிலிருந்துதான் தண்டு எடுக்க வேண்டியிருக்கும்.